51 அங்குலம்

என் மாப்பிள்ளை கனடாவில் இருக்கிறார். நல்ல பையன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போட்டோ அனுப்புகிறார் என்பதைத் தவிர அவரிடம் ஒரு குறையும் இல்லை. டிசம்பர் பிறந்துவிட்டால் அந்தப் போட்டோக்களில் ஆளும் இருக்காது, ஊரும் இருக்காது. வெள்ளை வெளேரென்று பனி, நடுவில் நாலு குழி. கீழே ‘முயல்’ என்று எழுதியிருப்பார்.

முயல் எங்கே என்று கேட்டேன். “முயல் போய்விட்டது மாமா, இது அதன் காலடி” என்றார். குளிர்காலத்தில் அங்கே ஒரு வழிகாட்டியோடு, பனியில் கால் புதையாமலிருக்க அகலமான மட்டைகளைக் கட்டிக்கொண்டு, மலையில் நடந்து, விலங்குகள் போன தடத்தைப் பார்த்துவிட்டு வருவார்களாம். விலங்கை அல்ல, தடத்தை. அதற்கு டிக்கெட்டும் உண்டாம். போய்விட்ட பஸ்ஸின் சக்கரத் தடத்தைப் பல்லடம் பஸ் நிலையத்தில் நானே காசில்லாமல் காட்டுவேனே என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. முயல் தாவும்போது முன்னங்கால் முதலில் ஊன்றும், பின்னங்கால் அதைத் தாண்டி முன்னால் வந்து விழும், அதனால் பெரிய குழிகள் இரண்டும் எந்தப் பக்கமோ அதுதான் முயல் போன திசை என்று விளக்கினார். நரி, முன்னங்கால் பதிந்த குழியிலேயே பின்னங்காலை வைத்து நூல் பிடித்ததுபோல் ஒரே கோட்டில் போகுமாம். நூல் என்றதும் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. எங்களுடையது விசைத்தறிக் குடும்பம்.

“முயலுக்கே இந்தப் பாடு என்றால், எங்கள் ஆனைமலைக்கு வந்து பாருங்கள் மாப்பிள்ளை. யானை, புலி, சிறுத்தை எல்லாம் வரிசையாக நடந்திருக்கும்” என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்தில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்த என் மனைவி முறத்தைக் கீழே வைத்தாள்.

“நீங்கள் எத்தனை முறை போய்ப் பார்த்தீர்கள்?”

எனக்கு 56 வயது. ஆனைமலையை நான் பார்த்ததெல்லாம் பொள்ளாச்சிச் சந்தைக்குப் போகும்போது தெற்கே நீலமாகத் தெரியும் ஒரு கோடாகத்தான். மறுவாரமே டாப்ஸ்லிப்பில் அறை, வழிகாட்டியோடு நடை எல்லாவற்றுக்கும் பதிவு ஆகிவிட்டது. மாநில அரசு 2024-இல் 40 தடங்களோடு மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கிய பிறகு எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் மலைக்குப் போய்வந்து மலையைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் அவளுக்கும் ஒரு வாய் வேண்டியிருந்தது.

மார்கழி கடைசி வாரம் கிளம்பினோம். அவள் காலுக்குப் புது ஷூ. எனக்கும் வாங்கலாம் என்றாள். தறிப்பட்டறையில் முப்பது வருடம் தாங்கிய செருப்பு ஜாதி, மலையில் மூன்று மணி நேரம் தாங்காதா என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேட்டைக்காரன்புதூரைத் தாண்டிச் சேத்துமடைச் சோதனைச்சாவடியில் பதிந்துவிட்டு மேலே ஏறினோம். வெள்ளைக்காரர் காலத்தில் வெட்டிய தேக்கு மரங்களை உச்சியிலிருந்து சரிவில் வழுக்கிவிட்ட இடம், அதனால் டாப்ஸ்லிப். அப்படி வெட்டி மொட்டையாகிப் போன காட்டில் திரும்பவும் தேக்கை வளர்த்த ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி 1933-இல் இறந்தார். அவர் கல்லறை அங்கேயே தேக்குகளுக்கு நடுவில் இருக்கிறது. என் நினைவுச்சின்னத்தைத் தேடினால் சுற்றிலும் பார் என்ற பொருளில் லத்தீனில் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் சுற்றிலும் பார்த்தேன். ஒரு குரங்கு எங்கள் கச்சாயப் பொட்டலத்தோடு போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் விடியற்காலை நடை. எங்களோடு கோபியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், ஒன்பது வயதுப் பேரன், கோவையிலிருந்து பெரிய கேமராவோடு ஓர் இளம் தம்பதி. வழிகாட்டி மலசர் பழங்குடியைச் சேர்ந்தவர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மூன்று விதிகள் சொன்னார்: எனக்கு முன்னால் போகக் கூடாது, நான் கையைத் தூக்கினால் நின்றுவிட வேண்டும், பேசினால் காதோடு காதாகப் பேச வேண்டும்.

இரண்டு விதிகள் சரி. மூன்றாவதுதான் எங்களால் ஆகாதது. தறி ஓடுகிற வீட்டில் ‘உப்பு எடு’ என்பதையே பக்கத்து ஊருக்குக் கேட்கும்படிதான் சொல்லியாக வேண்டும். தறிக்காரர் வீட்டில் ரகசியம் தங்காது. முப்பது வருடச் சத்தத்தில் எனக்கு வலது காது பாதி, இடது காது அதிலும் பாதி. “இதுதான் ரகசியமாகப் பேசுவதா?” என்று நான் என் மனைவியிடம் ரகசியமாகக் கேட்டபோது, மரத்திலிருந்த இருவாச்சிப் பறவை ஒன்று பறந்துபோய்விட்டது. கேமராத் தம்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஆனால் தடம் பார்ப்பது சுவாரசியம்தான், மறைத்து என்ன ஆகப்போகிறது. கனடாவில் பனிக்கட்டி என்றால் இங்கே பனித்துளி. இரவில் இறங்கிய பனியில் பாதைப் புழுதி பிசைந்த மாவுபோல் பதமாக இருந்தது. எதை வைத்தாலும் அச்சு விழும். புள்ளிமானின் குளம்பு இரண்டு பாதாம் பருப்பைப் பக்கத்தில் பக்கத்தில் அழுத்தியதுபோல. கடமானுடையதும் அதே வார்ப்பு, உருப்படிதான் பெரியது. காட்டுப்பன்றி என்றால் குளம்புக்குப் பின்னால் இரண்டு சின்னப் புள்ளிகள் சேர்ந்து விழும். கரடியின் பின்னங்காலைக் காட்டியபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது: குதிகால், பாதம், ஐந்து விரல், நம் வீட்டு ஆள் யாரோ செருப்பில்லாமல் போனதுபோலவே இருந்தது. நகக்கீறல் மட்டும் இல்லையென்றால் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பேன். கொஞ்சம் தள்ளி அதன் சாணம், அதில் சரக்கொன்றை விதைகள்.

பிறகு யானை. முன்னங்கால் அச்சு வட்டம், பின்னங்கால் அச்சு முட்டை வடிவம். முன்னங்கால் சுற்றளவைப் போல் இரண்டு மடங்குதான் தோள் உயரம் என்றார் வழிகாட்டி. என் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பொருட்கள் இருக்கும்: இஞ்ச் டேப், துணியில் இழை எண்ணுகிற சின்னப் பூதக்கண்ணாடி. டேப்பைப் போட்டேன். 54 அங்குலம். இரண்டு மடங்கு 108, அப்படியென்றால் 9 அடி! பையன் கைதட்டப் போய் வழிகாட்டியைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டான். நான் கண்ணாடியை அச்சின் மேல் வைத்துக் குனிந்தேன். உள்ளங்காலின் வெடிப்புகள் அப்படியே புழுதியில் ஏறியிருந்தன. ஊடும் பாவும் போலக் குறுக்கும் நெடுக்குமாய், ஆனால் எந்தத் தறியிலும் வராத நெசவு. அதன் ஓரத்தில் ஓர் எறும்பு ஏறத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

அங்கிருந்துதான் எனக்குத் தலைக்கனம் ஏறியது. எதைப் பார்த்தாலும் குனிந்து கண்ணாடி வைக்க ஆரம்பித்தேன். சிறுத்தைத் தடம் வந்தது. நான்கு விரல், நகம் தெரியாது. பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், நாயாக இருந்தால் நகம் குத்தியிருக்கும். தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். 1966-இல் சரோஜ் ராஜ் சௌத்ரி என்ற வன அதிகாரி இந்தக் காலடிகளை வைத்தே புலிகளை எண்ணும் முறையைக் கொண்டுவந்தார், பிறகு அதில் தவறு அதிகம் என்று கைவிட்டுத் தானியங்கிக் கேமராவுக்குப் போய்விட்டார்கள் என்றார். ஓய்வுபெற்றும் பீரியட் முடியாதவர்.

வழிகாட்டி குனிந்து, அச்சின் மேல் பனித்துளி விழுந்த பொட்டு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். பொட்டு இருந்தால் பனி இறங்குவதற்கு முன்பு போனது. இல்லையென்றால் இப்போதுதான் போயிருக்கிறது. முன்னால் போய்த் தேடினேன், பொட்டு இல்லை. அடுத்ததிலும் இல்லை. அதற்கடுத்ததைப் பார்க்க இன்னும் முன்னால் போனேன். இதற்குள் மூடுபனி திரையாக இறங்கியிருந்தது. வழிகாட்டி கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தியதும் எனக்குத் தெரியாது, “ஐயா, நில்லுங்கள்” என்றதும் என் காதில் விழவில்லை. என்னைத் திருப்பிக் கூட்டி வர என் மனைவி மட்டும் பின்னாலேயே வந்திருக்கிறாள்.

உண்ணிச்செடிப் புதருக்குள் பிரஷர் குக்கர் ஆவி விட்டதுபோல் ‘புஸ்’ என்று ஒரு சத்தம். என் காதுக்கே கேட்டதென்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். புதர் விலகியது. முதலில் தெரிந்தது வெள்ளைக் காலுறை போட்ட கால்கள். அதற்கு மேலே கறுப்பாக ஒரு சுவர். நாம் காட்டெருமை என்கிறோம், உண்மையில் எருமை அல்ல, மாட்டு இனம்; மலைக்காரர்கள் காட்டுமாடு என்று சரியாகத்தான் சொல்கிறார்கள். நன்கு வளர்ந்த காளை ஒரு டன் வரை இருக்கும். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

அடுத்த நினைவு, கூட்டத்தோடு நான் நின்றுகொண்டிருப்பது. இடது கால் செருப்பைக் காணோம்.

ஓடைக்கரையில் உட்கார்ந்து கொண்டுவந்த அவல் பொரியைத் தின்றபோது எல்லோரும் என்ன நடந்தது என்று கேட்டார்கள். சொன்னேன். நான் அசையாமல் நின்றேன், அதன் கண்ணை நேருக்கு நேர் பார்த்தேன், காட்டில் வழி அதனுடையது அல்லவா, மெல்ல ஓர் அடி ஒதுங்கி வழிவிட்டேன், என் மனைவியைக் கையைப் பிடித்து நிதானமாக அழைத்து வந்தேன், வருகிற வழியில் செருப்பு வார் அறுந்துவிட்டது. கோவைப் பெண் “அப்பா!” என்று வியந்தாள். என் மனைவி பொரியிலிருந்து கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவள் ஒன்றும் சொல்லாத தருணங்களை நான் ஜாக்கிரதையாக எண்ணி வைத்திருக்க வேண்டும்.

இடது காலில் துண்டைச் சுற்றிக்கொண்டு மீதி நடையை முடித்தேன். திரும்பும்போது வெயில் ஏறி மூடுபனி விலகிவிட்டது. வழிகாட்டி மறுபக்கமாக அதே பாதைக்கே கொண்டுவந்து சேர்த்தார். இப்படி ஒரு ஏற்பாடு இருப்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் ஓடைக்கரையில் இன்னும் கொஞ்சம் சிக்கனமாகப் பேசியிருப்பேன்.

பையன்தான் முதலில் பார்த்தான். “அண்ணா, இங்கே யாரோ ஓடியிருக்கிறார்கள்.”

வழிகாட்டி குந்தினார். தொழிலில் சுத்தமான மனிதர், எதிரில் நிற்பது யார் என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். “நடந்தால் குதிகால் முதலில் அழுந்தும். இங்கே குதிகாலே இல்லை, முன்பாதம் மட்டும் ஆழமாக இறங்கியிருக்கிறது. மண் பின்னால் தெறித்திருக்கிறது, பார்த்தாயா?”

“மாடா அண்ணா?”

“மாடு அந்தப் பக்கம்.” காட்டினார். காட்டுமாட்டின் குளம்புகள் விரிந்து அகன்று பதிந்திருந்தன, பாய்ச்சலில் அப்படித்தான் விரியுமாம். தடம் எதிர்த்திசையில் போயிருந்தது. “அதுவும் இவரும் ஒரே நேரத்தில் திரும்பியிருக்கிறார்கள்” என்றார், மரியாதையாக.

பையன் என்னிடம் கை நீட்டினான். “தாத்தா, டேப்.” தாத்தாவாம். கொடுத்தேன். சாதாரணமாக நான் நடந்த இடத்தில் ஓரடிக்கும் அடுத்த அடிக்கும் 24 அங்குலம். ஒதுங்கி வழிவிட்ட இடத்தில் 51. என் தறியில் ஓடுகிற துணியின் அகலமே 50 அங்குலம்தான். “யானைக்கு 54, இவருக்கு 51” என்று தலைமையாசிரியர் மார்க் ஷீட் வாசிப்பதுபோல் வாசித்தார்.

ஆறாவது தப்படியில் என் செருப்பு கிடந்தது. வார் அறுந்திருக்கவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, அந்த அளவுக்கு நல்லவர்கள்.

அதற்கும் நாலடி தள்ளி ஓர் இடத்தில் வழிகாட்டி பேச்சை நிறுத்திக்கொண்டார். புது ஷூவின் தடம் இரண்டு. பக்கத்தில் பக்கத்தில், குதிகால் முழுக்க அழுந்தி, ஒரு மயிரிழைகூட நகராமல். அதை ஒட்டி உரசிக்கொண்டு என் தடம் கடந்து போயிருந்தது. கையைப் பிடித்து நிதானமாக அழைத்து வந்ததற்கான அடையாளம் அந்த மண்ணில் எங்கும் இல்லை. கோவைப் பெண் இந்த முறையும் “அப்பா!” என்றாள், என் மனைவியைப் பார்த்து.

“ஏனுங்க, கொஞ்சம் நகருங்கள், நிழல் விழுகிறது” என்று சொல்லி என் மனைவி குந்தினாள். செருப்பு கழன்ற பிறகு ஈர மண்ணில் ஓரிடத்தில் மட்டும் என் வெறுங்கால் முழுசாக விழுந்திருந்தது. குதிகால், பாதம், பயத்தில் விசிறியாக விரிந்த ஐந்து விரல். அதைப் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

மேலே சிக்னல் கிடையாது. வேன் சேத்துமடைக்கு இறங்கியதும் அவள் கைப்பேசி கிணுகிணுத்தது. போட்டோ கனடாவுக்குப் போயிருக்கிறது. ‘மாப்பிள்ளை, இது எது என்று சொல்லுங்கள்’ என்று கீழே எழுதியிருந்தாள். அங்கே நள்ளிரவு நெருங்கியிருக்கும். ஆனாலும் பையன் பதில் போட்டுவிட்டார்.

“அத்தை, கரடியின் பின்னங்கால் போலத் தெரிகிறது. நகம் தேய்ந்த வயதான கரடியாக இருக்கலாம். பயந்துவிட்டீர்களா? மாமா பக்கத்தில்தானே இருந்தார்?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நிதானமாக ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

“ஆமாம் சாமி, ரொம்பப் பக்கத்தில்.”