நெக்ஸ்ட்கிளவுட் 27 இலிருந்து 31 வரை: யாழ்ப்பாணக் கந்தோர் ஒன்றின் பணிக்குறிப்பு

2025 யூன் 3, செவ்வாய்

இப்போது ஓடுவது டெபியன் 12 (இயங்குதளம்), மரியாடிபி 10.11 (தரவுத்தளம்), பிஎச்பி 8.2 (நிரல்மொழி), அதன் மேல் நெக்ஸ்ட்கிளவுட் 27. கோப்பு, நாட்காட்டி, அழைப்பு எல்லாவற்றையும் சொந்தச் சேர்வரில் வைக்கும் கூட்டுப்பணித் தளம் அது. பாவனையாளர் யாழ் நகரிலும் சாவகச்சேரி, பருத்தித்துறை, நெடுந்தீவுக் கிளைகளிலும். 27 வெளிவந்தது 2023 யூனில். ஒரு பெரும் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது ஏறத்தாழ ஒரு வருடம்தான். கணக்குப்படி இந்தச் சேர்வர் ஒரு வருடமாகக் கதவைச் சாத்தாமல் நிற்கிறது.

போகவேண்டியது 31க்கு. பெரும் பதிப்பைத் தாண்டிப் பாய முடியாது. 27 இலிருந்து 28, பிறகு 29, 30, 31 என்று நான்கு படி. இதில் பலர் சறுக்கும் இடம் பிஎச்பி. புதிய நெக்ஸ்ட்கிளவுட்டுக்குப் புதிய பிஎச்பி என்று நினைத்து முதலில் 8.3ஐப் போட்டால் 27 எழும்பவே மாட்டாது, அது 8.2க்கு மேல் ஏற்காது. எழும்பாததை மேம்படுத்தவும் முடியாது. 8.2 இந்த ஐந்து பதிப்புக்கும் பொது. ஆகவே வேலை முடியும்வரை பிஎச்பியில் கை வைப்பதில்லை.

அடுத்தது செயலிகளின் பட்டியல். நாட்காட்டி, டெக் (பணிப்பலகை), டோக் (அழைப்பு), குழு உறை (பொதுக் கோப்புறை), கொலாபோரா இணைப்பி (உலாவியிலேயே ஆவணம் திருத்த) என ஒவ்வொன்றுக்கும் 31க்குரிய பதிப்பு இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கவேண்டும். பொருந்தாத செயலியை மேம்படுத்தி (அப்டேட்டர் என்ற கருவி) தானே முடக்கிவிட்டு மேலே போகும். குழு உறைச் செயலி முடங்கினால் மறுநாள் காலை எல்லோர் திரையிலும் பொது உறைகள் காணாமல் போயிருக்கும். கோப்புகள் தரவு அடைவில் பத்திரமாகவே இருக்கும், காட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. அந்த நேரம் யாரும் பதறிப்போய்ப் பழைய பிரதியை மீட்டெடுக்கத் தொடங்காமல் இருந்தால் சரி.

யூன் 5, வியாழன்

பக்கப், அதாவது காப்புப் பிரதி. பாவனையாளரை வெளியே நிறுத்தும் பராமரிப்பு நிலையைப் போட்ட பிறகுதான் பிரதி எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் தரவுத்தளம் ஒரு நேரத்தையும் கோப்புகள் இன்னொரு நேரத்தையும் சொல்லும். எடுக்கவேண்டியவை மூன்று: தரவுத்தளம், தரவு அடைவு, கொன்பிக் (அமைப்பு) கோப்பு. மூன்றாவதைத்தான் மறப்பார்கள். சேர்வரின் இரகசியச் சாவியும் கடவுச்சொல் உப்பும் (கடவுச்சொல்லோடு கலக்கும் இரகசியத் துணுக்கு) நிறுவல் அடையாளமும் அதற்குள்தான் இருக்கின்றன. அது இல்லாமல் புதிதாக நிறுவி அதில் பழைய தரவுத்தளத்தை ஏற்றினால், குறியாக்கம் செய்து வைத்திருந்த வெளிச்சேமிப்புக் (நெக்ஸ்ட்கிளவுட்டோடு இணைத்த வேறு சேமிப்பிடம்) கடவுச்சொற்கள் ஒன்றும் திறக்காது.

பிரதியை இன்னொரு கணினியில் ஏற்றிப் பார்க்காதவரை அது பிரதி என்று கணக்கில்லை. ஏற்றும்போது ஒரு எச்சரிக்கை: முதலில் குரொன் வேலையை (நேரத்துக்கு நேரம் தானாக ஓடும் பின்னணி வேலை) நிறுத்தி மின்னஞ்சல் அமைப்பை வெறுமையாக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒத்திகைக் கணினியும் தன் பாட்டில் நாட்காட்டி நினைவூட்டல்களை அனுப்பத் தொடங்கும், ஒரே கூட்டத்துக்கு இரண்டு அழைப்பு போகும்.

இன்னொன்று. உண்மையிலேயே பிரதியிலிருந்து மீட்கவேண்டி வந்தால், மீட்டு முடித்ததும் ஓசிசியில் (நெக்ஸ்ட்கிளவுட்டின் கட்டளைக் கருவி) தரவுக் கைரேகைக் கட்டளையைக் கட்டாயம் ஓட்டவேண்டும். மேசைக் கணினிகளில் உள்ள ஒத்திசைவுச் செயலிக்கு “சேர்வர் பின்னோக்கிப் போயிருக்கிறது” என்று சொல்வது அதுதான். அது தெரியாவிட்டால், பிரதி எடுத்தபின் செய்த வேலைகளையெல்லாம் சேர்வரில் அழிக்கப்பட்டவை என்று எடுத்துக்கொண்டு அந்தக் கணினிகளிலும் அழித்துவிடும்.

யூன் 7, சனி

ஒத்திகை. உலாவியில் பொத்தானை அழுத்தி மேம்படுத்துவது சின்ன இடங்களுக்குச் சரி. இங்கே நேரம் முடிந்து பாதியில் நிற்கும். கட்டளை வரிதான் வழி, அதுவும் வெப் சேர்வர் பாவனையாளரின் பெயரில். ரூட்டாக (முழு அதிகாரக் கணக்கில்) ஓட்டக்கூடாது.

தொலைவிலிருந்து இணைந்து வேலை செய்தால் ஸ்கிரீன் அமர்வுக்குள் ஓட்டவேண்டும். இணைப்பு அறுந்தாலும் வேலை அறாது. மேம்படுத்தி பாதியில் செத்தால், அடுத்த முறை “இந்தப் படி நடந்துகொண்டிருக்கிறது, பிறகு வாருங்கள்” என்று சொல்லிக்கொண்டே நிற்கும். தரவு அடைவுக்குள் மேம்படுத்தியின் உப அடைவில் ஸ்டெப் என்ற மறைகோப்பு இருக்கும். வேறு எதுவும் ஓடவில்லை என்று உறுதிசெய்துகொண்டு அதை நீக்கினால் திரும்பத் தொடங்கும்.

மின்சாரம். 2025 பெப்ரவரி 9 நாடு முழுவதும் இருண்ட நாளை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். யுபிஎஸ் இருந்தால் மட்டும் போதாது, மின்கலம் இறங்கும் செய்தியைச் சேர்வருக்குச் சொல்லும் கம்பியும் மென்பொருளும் வேண்டும். ஒவ்வொரு படிக்கும் இடையில் தரவுத்தளத்தை மட்டும் ஒரு பிரதி எடுத்துவைப்பது சில நிமிட வேலை. கரண்ட் போனால் 27க்குத் திரும்பத் தேவையில்லை, கடைசிப் படியிலிருந்து தொடரலாம்.

யூன் 10, செவ்வாய், பொசன் போயா

விடுமுறை. நான்கு படியும் ஏறியது, ஒத்திகையில் நடந்தது போலவே. எழுத அதிகமில்லை.

முடிந்தபின் செய்தவை: விடுபட்ட தரவுத்தளச் சுட்டிகளைச் சேர்க்கும் கட்டளை, நீண்ட நேரம் எடுக்கும் திருத்தங்களையும் உள்ளடக்கிய பழுதுபார்ப்புக் கட்டளை, பிஎச்பி நினைவக எல்லை 512 எம்பி, கட்டளை வரிக்கும் ஏபிசியு என்ற தற்காலிகச் சேமிப்பின் இயக்கம் (இது இல்லாவிட்டால் ஓசிசியும் குரொனும் தற்காலிகச் சேமிப்பு இல்லையென்று முறையிடும்), தொலைபேசிப் பிராந்தியம் இலங்கை.

யூன் 11, புதன்

காலையில் எல்லாம் இழுக்கிறது. பத்தரை தாண்டியதும் தானாகச் சரியாகிறது.

காரணம் பராமரிப்பு நேரச் சாளரம். அவசரமில்லாத பின்னணி வேலைகளை நான்கு மணித்தியால இடைவெளிக்குள் ஒதுக்கும் அமைப்பு இது. வழிகாட்டியில் உள்ள உதாரணத்தில் மதிப்பு 1. அதிகாலை ஒரு மணி என்று வாசித்து அப்படியே போட்டால் மாட்டிக்கொள்வோம், ஏனெனில் அந்த எண் யுடிசி (உலகப் பொது) நேரம். இலங்கை ஐந்தரை மணித்தியாலம் முன்னால். ஒன்றிலிருந்து ஐந்து என்பது இங்கே காலை 6.30 இலிருந்து 10.30. கந்தோர் திறந்து எல்லோரும் உள்நுழையும் நேரம் பார்த்து சேர்வரும் தன் துப்புரவு வேலையைத் தொடங்குகிறது. முழு எண்தான் ஏற்கும், அரை மணி கொடுக்க முடியாது. 19 போட்டாயிற்று: இரவு 12.30 இலிருந்து 4.30.

யூன் 14, சனி

பாமினி. உண்மையான வேலை இன்றுதான் தொடங்குகிறது.

பல வருடக் கடிதங்கள், அறிக்கைகள், சம்பளப் பட்டியல்கள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. கொலாபோராவில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. பழுது கொலாபோராவில் இல்லை. கோப்பின் உள்ளே உண்மையில் தமிழே கிடையாது. “தமிழ்” என்று திரையில் தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள். எழுத்துரு அதற்குத் தமிழ் வேடம் போடுகிறது, அவ்வளவுதான். நெக்ஸ்ட்கிளவுட் ஒபிஸ் அமைப்பில் மேலதிக எழுத்துரு என்ற பகுதியில் பாமினியை ஏற்றினால் கண்ணுக்குச் சரியாகத் தெரியும். தேடலுக்கு ஒன்றும் மாறாது. “தமிழ்” என்று தட்டினால் அந்தக் கோப்பு ஒருநாளும் அகப்படாது. கூட்டுப்பணித் தளம் வாங்குவதே தேடி எடுக்கத்தானே.

ஆகவே எழுத்துரு ஏற்றுவது முதலுதவி. மருந்து ஒருங்குறிக்கு (யுனிகோட்) மாற்றுவது. மாற்றும்போது கைக்கொள்ளவேண்டியவை:

முழு ஆவணத்தையும் ஒரே மூச்சில் மாற்றக்கூடாது. இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் தமிழ்க் குப்பையாகும். எழுத்துரு பாமினி என்று குறிக்கப்பட்ட துண்டுகளை மட்டும் எடுக்கவேண்டும்.

பாமினியில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒருங்குறியில் பின்னால் சேமிக்கப்படும். எழுத்துக்கு எழுத்து மாற்றினால் கொம்பு அடுத்த வீட்டில் போய் நிற்கும். நீளமான சேர்க்கையை முதலில் மாற்றவேண்டும்: “கொ” முடிந்த பிறகு “கெ”, அதன் பிறகு “க”.

அதிலும் ஒரு பொறி உண்டு. பாமினியில் ஔகாரத்தின் பின்பாதியும் ளகரமும் ஒரே விசை. நீளமானதை முதலில் மாற்றும் நிரல் “வெள்ளம்” என்பதை “வௌ்ளம்” ஆக்கும், “வெளியீடு” என்பதை “வௌியீடு” ஆக்கும். நம் ஊர் இணையத்தளங்களில் பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குப் பழகிப்போன பிழை, ஆனால் தேடலுக்கு அது வேறு சொல். திருத்த இலகுவான விதி இருக்கிறது: ஔகாரக் குறிக்குப் பின் இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ தமிழில் வரமுடியாது. அப்படி வந்த இடமெல்லாம் ஒற்றைக்கொம்பும் ளகரமுமாகப் பிரித்துவிடலாம். “மௌனம்”, “கௌரி” தொடப்படாமல் தப்பும்.

எக்செல் தாள்களை ஒவ்வொன்றாக மாற்றக்கூடாது. ஒரு தாளில் பெயர் ஒருங்குறியிலும் அது தேடிப்போகும் தாளில் பாமினியிலும் இருந்தால் விலுக்அப் (இன்னொரு தாளில் தேடி எடுக்கும் சூத்திரம்) எல்லாம் பிழை காட்டும். இணைந்த தாள்களை ஒரே நாளில் மாற்றவேண்டும்.

தட்டச்சில் கை பழகியவர்களிடம் விசைமுறையை மாற்றச் சொல்லத் தேவையில்லை. இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளில் பாமினி விசைமுறை உண்டு. விரல் அதே இடத்தில் விழும், உள்ளே போவது ஒருங்குறி.

யூன் 17, செவ்வாய்

கோப்புப் பெயர்கள். பாமினிக் காலத்தில் பெயருக்கு எழுத்துரு கிடையாததால் எல்லோரும் ஆங்கில எழுத்தில் “சம்பளம்2019” என்று வைத்தார்கள். இப்போது தமிழில் வைக்கலாம் என்றதும் நீட்டி முழக்குகிறார்கள்.

லினக்ஸில் ஒரு பெயருக்கு எல்லை 255 பைட். ஒருங்குறித் தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், புள்ளியும் காலும் தனித்தனிக் குறி. “யாழ்ப்பாணம்” என்ற சொல் 11 குறி, 33 பைட். அந்த நீளத்தில் எட்டுச் சொல் வைத்தால் எல்லை தாண்டும். விண்டோஸ் பைட்டை எண்ணாது, எழுத்துக் குறியையே எண்ணும். ஆகவே மேசைக் கணினியில் சேமிக்கும், சேர்வருக்கு ஏறாது. ஆறு சொல்லுக்குள் பெயர் வைக்கும்படி அறிவித்தாயிற்று.

மக் கணினியிலிருந்து வெளிச்சேமிப்புக்கு நேரே பிரதி செய்த “கொடிகாமம்” உறை வேறு விதமாக மறைந்தது. கொகரத்தின் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசம் இல்லை. நெக்ஸ்ட்கிளவுட் எதிர்பார்ப்பது ஒற்றைக் குறி, வந்தது பிரித்தது. கோப்புகளை வருடும் (ஸ்கான்) கட்டளை “பொருந்தாத குறியாக்கம்” என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப்போகும். வெளிச்சேமிப்பு அமைப்பில் மக் குறியாக்கத்துக்கென ஒரு தெரிவு உண்டு, ஆனால் வேகம் குறையும். கன்வ்எம்வி என்ற கருவியால் பெயர்களையே மாற்றிவிடுவது நல்லது. அது முதலில் ஒத்திகை மட்டும் காட்டும், உண்மையில் மாற்றத் தனிச் சொல் கொடுக்கவேண்டும்.

யூன் 20, வெள்ளி

நெடுந்தீவுக் கிளைக்கு முதல் ஒத்திசைவு. அந்த இணைப்பில் முழு உறையையும் இறக்குவது நடக்கிற காரியம் இல்லை. தரவு குறிகட்டுவானிலிருந்து படகில் போனது.

செய்முறை: யாழ் கந்தோர்க் கணினியில் ஒத்திசைவு முழுதாக முடிந்த உறையை வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் பிரதி செய்து, அங்குள்ள கணினியில் வைத்து, ஒத்திசைவுச் செயலியை அந்த உறைக்கே காட்டவேண்டும். அளவும் திருத்திய நேரமும் ஒத்தால் திரும்ப இறக்காது. ஆகவே டிஸ்க்கின் கோப்பு முறை என்ரிஎப்எஸ் ஆக இருக்கவேண்டும். பாற்32 என்ற பழைய முறை திருத்திய நேரத்தை இரண்டு செக்கன் அளவுக்கு உருட்டும், ஒரு செக்கன் மாறினாலும் கோப்பு வேறென்று செயலி நினைக்கும். முதலில் பத்துக் கோப்புள்ள சின்ன உறையோடு சோதித்துவிட்டே பெரிய உறை.

யூன் 25, புதன்

பயிற்சி. பொத்தான்களைக் காட்டிக்கொண்டு போனால் மறுநாள் எதுவும் மிஞ்சாது. இரண்டு விடயம் மட்டும்.

ஒன்று, முரண்பட்ட பிரதி. இரண்டு பேர் ஒரே எக்செலை மேசைக் கணினியில் திறந்து சேமித்தால், பிந்தியவரின் உறையில் முரண்பட்ட பிரதி என்ற பெயருடன் இன்னொரு கோப்பு தோன்றும். அது வழமையில் சேர்வருக்கு ஏறாது, அந்த ஒரு கணினியிலேயே இருக்கும். “நான் போட்ட கணக்கு அழிந்துபோச்சு” என்ற முறைப்பாடுகளில் பெரும்பாலானவை இதுதான். இருவர் தொடும் தாளை உலாவியில் கொலாபோராவில் மட்டும் திறக்கவேண்டும்.

இரண்டு, டோக் அழைப்பு. அழைப்பை நடுவில் நின்று பகிரும் தனிச் சமிக்ஞைச் சேர்வர் இல்லாத இடத்தில் ஒவ்வொருவரின் கணினியும் மற்ற எல்லோருக்கும் தனித்தனியாகப் படம் அனுப்பும். ஆறு பேர் கூடினால் ஒருவர் ஐந்து ஓடை ஏற்றவேண்டும். நெடுந்தீவு அந்தக் கூட்டத்தில் இருந்தால் கமெராவை மூடிக் குரலில் மட்டும் பேசுவது.

அடுத்த புதன் ஒவ்வொரு கணினியிலும் முரண்பட்ட பிரதிகளைத் தேடி எடுத்து உரியவர்களிடம் கொடுக்கவேண்டும். பாமினி மாற்றத்தில் 2021 சம்பளத் தாள்கள் இன்னும் மிச்சம்.