ககேத்தியில் ஒரு பகல்

ஜார்ஜியா நாட்டுத் தலைநகர் திபிலீசியிலிருந்து கொம்போரி மலைப்பாதை வழியாக, ஒயினுக்குப் பேர்போன ககேத்திப் பகுதிக்குப் போனோம். பாதை அழகுதான். ஆனால் நான் அசந்து நின்றது தெலாவி நகரத்தின் பக்கத்தில் ஒரு வீட்டு மரானியில், அதாவது அவர்களுடைய ஒயின் அறையில்.

உள்ளே பீப்பாய் இல்லை. தரையில் வட்ட வாய்கள் மட்டும் தெரிந்தன. அவைதான் க்வெவ்ரி: கழுத்துவரை மண்ணில் புதைத்த முட்டை வடிவ மண்கலன்கள், உட்புறம் தேன்மெழுகு பூசியவை. மிதித்துப் பிழிந்த சாற்றைத் தோல், விதையோடு, பல நேரம் காம்போடும் சேர்த்து ஊற்றுகிறார்கள். நொதித்து அடங்கியதும் மூடி, ஐந்தாறு மாதம் விடுகிறார்கள். சுற்றியுள்ள மண்ணே வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்கிறது. ர்கத்சிதெலி என்ற வெள்ளைத் திராட்சை இப்படி ஊறித்தான் பொன்னிறமாகிறது. கறுப்புத் தேநீர் போல ஒரு துவர்ப்பு நாக்கில் நிற்கிறது. எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

ஜார்ஜியாவில் சுமார் 8000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒயின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. க்வெவ்ரி முறையை 2013இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அப்புறம் சாப்பாடு. அந்த வீட்டு அம்மா தோனே அடுப்பின் உட்சுவரில் மாவை ஒட்டி, நீளமான ஷோத்தி ரொட்டி சுட்டார். பாலாடைக்கட்டி, வால்நட் விழுது தடவிய கத்தரிக்காய் என்று மேசை நிறைந்தது. தமதாவாக, அதாவது விருந்தில் வாழ்த்துரை சொல்பவராக, அமர்ந்த பெரியவர் சமாதானத்துக்கு, மறைந்தவர்களுக்கு, குழந்தைகளுக்கு என்று வாழ்த்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்த பிறகுதான் கோப்பைகள் உயர்ந்தன. அந்த நிதானம் எல்லா விருந்துக்கும் வேண்டும்.

போவதாக இருந்தால் செப்டம்பர், அக்டோபரில் போங்கள். திராட்சை அறுவடை அப்போதுதான்.