முட்டுகளைப் பிரிக்க அப்பா சம்மதிக்கவில்லை

அக்கா வீடு கட்டும் சைட்டுக்குள் அப்பா நுழைந்ததும் நலம் விசாரித்தது அக்காவையோ அத்தானையோ இல்லை, பாறையை உடைத்துத் தயாரிக்கும் மணலான எம் சாண்டை. குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி அழுத்திப் பார்த்தார். "நனைஞ்சிருக்கே, கலவைத் தண்ணியில இதைக் கழிச்சாச்சா?" மேஸ்திரி அத்தானைப் பார்த்தார், அத்தான் என்னைப் பார்த்தார், நான் ஜல்லியைப் பார்த்தேன்.

ரூஃப் காங்கிரீட் நாள். மேலே கம்பி கட்டி முடித்து ஆட்கள் தயார், கீழே மெஷின் சுற்ற ஆரம்பித்துவிட்டது, இவரோ டேப்பும் டார்ச்சுமாகக் குப்புறப் படுத்துக்கொண்டு கம்பிக்கும் அடியில் உள்ள சென்ட்ரிங் ஷீட்டுக்கும் நடுவில் 20 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று அளக்கிறார். ஒரு இடத்தில் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஒரு ஜல்லியைச் செருகி வைத்திருந்தார்கள். போதாதா? "கவரிங் இல்லேன்னா ஈரம் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும், துருப்பிடிச்சா வீங்கும், வீங்கினா காங்கிரீட் பெயர்ந்து தலையில விழும்" என்று சொல்லிவிட்டு, யார் தலையில் என்பதையும் விரலை நீட்டிக் காட்டினார். என் தலை.

அப்புறம் பால்கனி. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளத்தில் இழுவிசை மேல்பக்கம்தான், அதனால் முக்கியக் கம்பியும் மேலேதான் இருக்க வேண்டும். மிதித்து மிதித்து அதைக் கீழே இறக்கிவிட்டால் கம்பி இருந்தும் இல்லாத மாதிரி. நியாயமான கவலை, மறுக்கவில்லை. ஆனால் "யாரும் மிதிக்காதீங்க" என்று கத்திக்கொண்டே அதன் மேல் குறுக்கும் நெடுக்கும் நடந்தவர் அவர் ஒருவர்தான்.

உண்மையான யுத்தம் தண்ணீரில். 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு ஏறக்குறைய 25 லிட்டர், ஈர மணல் என்றால் அதிலும் குறைக்க வேண்டும். கலவை தளர்வாக இருந்தால் அள்ளுகிறவருக்கும் பரப்புகிறவருக்கும் சுகம்; வீட்டுக்குத்தான் சுகமில்லை, மிச்சத் தண்ணீர் வெளியேறும்போது உள்ளே நுண்ணிய ஓட்டைகளை விட்டுப் போய்ப் பலத்தைக் குறைக்கும். இது தெரிந்தும், யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு வாளி கூடுதலாக ஊற்றும் கை எல்லா சைட்டிலும் உண்டு. அப்பா நாற்காலியை இழுத்து ட்ரம் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, கலவை ஓட மாட்டேங்குது, கொஞ்சம் விடுங்க."

"அது எதுக்கு ஓடணும்? நிக்கத்தானே வீடு கட்டுறோம்? வைப்ரேட்டரைப் போடு."

கலவையை அதிர வைத்து இறுக்கும் அந்த மெஷினைப் பிடித்திருந்த பையனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனையும் விடவில்லை. "ஒரே இடத்துல வச்சுக்கிட்டு நிக்காதே, ஜல்லி அடியில போயிடும்." நாற்காலியில் இருந்தபடியே மாடியில் நடப்பது எப்படித் தெரிகிறதோ.

அதோடு முடிந்தது என்று நினைத்தால் தளத்தைக் காயவிடாமல் ஈரமாக வைக்கும் கியூரிங் ஆரம்பித்தது. வீட்டில் ரோஜாத் தொட்டி காய்ந்து கருகினாலும் திரும்பிப் பார்க்காத மனிதர், விடிந்ததும் அங்கே ஓடித் தளத்தின் மேல் கட்டிய பாத்தியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்க்கிறார். அம்மா பேசுவதை நிறுத்திவிட்டாள், தொட்டியை மட்டும் அவர் செருப்புக்குப் பக்கத்தில் நகர்த்தி வைக்கிறாள்.

இப்போது சென்ட்ரிங்காரர் முறை. அவருக்குத் தளத்தைத் தாங்கி நிற்கும் ஷீட்டும் முட்டும் அடுத்த சைட்டுக்குப் போயாக வேண்டும், ஏழு நாள்தான் ஆகிவிட்டதே என்கிறார். சின்ன அறைகளுக்குச் சரி. ஹாலில் ஸ்லாப் 4.5 மீட்டரைத் தாண்டுகிறது, அதற்குக் காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்வது 14 நாள். அந்தப் பக்கத்தை அப்பா பிரின்ட் எடுத்து ஒரு முட்டிலேயே ஒட்டி வைத்திருக்கிறார். சென்ட்ரிங்காரர் கூப்பிட்டால் அப்பா போனை எடுப்பதில்லை, அத்தான் "மாமாவைக் கேளுங்க" என்று நழுவிவிட்டார், ஆகவே காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் என் போன் அடிக்கிறது. "தம்பி, அப்பாகிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க..."

சொன்னேன். ஹாலில் ஓடும் பெரிய பீம் 6 மீட்டருக்கு மேலாம், அதன் முட்டுக்கு 21 நாளாம். அதைச் சென்ட்ரிங்காரரிடம் நான்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டுமாம்.