முத்துப்பேட்டை சேறும் அப்பா கேட்ட கேள்வியும்

எம்எஸ்சி சுற்றுச்சூழல் சேந்தப்ப ஊர்ல எல்லாரும் கேட்டது ஒண்ணுதான், இத படிச்சா என்ன வேலை கெடைக்கும்னு. நேத்து ஃபீல்டு ட்ரிப்புக்கு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு, அதான் கடலோரச் சேத்துல வளர்ற மாங்குரோவ் காட்டுக்குப் போனோம், படகுல போயி முழங்கால் சேத்துல எறங்குனதுமே சுத்தி பென்சில் நட்டு வச்சாப்ல மூச்சு வேரு, சேத்துக்குள்ள காத்து கெடைக்காதுன்னு வேரு மேல வந்து மூச்சு வாங்குது. எலைய தடவி வெரல நாக்குல வச்சுப் பாத்தேன், ஒரே கரிப்பு! உறிஞ்சுன உப்ப எல வழியா வெளிய தள்ளிருது அந்த மரம்.

எனக்கு ரொம்பப் புடிச்சது மீன்முள் வாய்க்கால்தான். வெள்ளக்காரன் காலத்துல மொத்தமா மரத்த வெட்டுன எடம் வெயில்ல காஞ்சு பள்ளமாயி, உள்ள வந்த கடத்தண்ணி திரும்பிப் போவ வழியில்லாம தேங்கி ஆவியாகி உப்பு ஏறிப்போச்சு, ஒரு கண்டும் மொளைக்கல. அப்புறம் நடுவுல ஒரு வாய்க்கா, ரெண்டு பக்கமும் சாய்வா கிளை வாய்க்கான்னு மீன் முள்ளு மாதிரி வெட்டி விட்டாங்க, கடல் ஏறி எறங்குற ஓதத்தண்ணி தெனம் வந்து உப்பக் கழுவிட்டுப் போவுது, கரையெல்லாம் கண்டு நிக்குது. வாய்க்கா வெட்டறது நம்ம டெல்டாக்காரங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானே!

2018 நவம்பர் 16 கஜா புயல் அடிச்சப்ப எங்க தென்னந்தோப்பு மொத்தமும் சாஞ்சுச்சு, இந்தக் காடும் பயங்கரமா அடி வாங்குச்சு. ராத்திரி அப்பாட்ட எல்லாத்தையும் சொன்னேன், ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு "நம்ம போர் தண்ணியும் உப்பு கரிக்குதும்மா, அதுக்கு உம் படிப்புல எதாச்சும் இருக்கா"ன்னாரு. நாளைக்கு பாட்டில்ல புடிச்சு லேபுக்குக் கொண்டு போறேன்.