ரூபெல்லா ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்று வந்தால்

கோவில்பட்டியில் ஒரு சின்ன லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ரத்தம் எடுப்பது, டியூபில் பெயர் ஒட்டுவது, மெஷினில் சுற்றி சீரம் பிரிப்பது, ரிப்போர்ட் அடித்துக் கவரில் போட்டுக் கொடுப்பது எல்லாம் எங்கள் தலையில்தான். சர்க்கரை ரிப்போர்ட் வாங்குகிறவர்கள் பாதிப் பேர் கவரைப் பிரிப்பதுகூட இல்லை. டார்ச் ரிப்போர்ட்டை மட்டும் கவுண்டரில் நின்றபடியே பிரித்துவிடுவார்கள். பிரித்த கையோடு முகம் மாறும்.

கர்ப்பத்தில் குழந்தையைத் தாக்கக்கூடிய சில கிருமிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பதுதான் டார்ச். டாக்ஸோபிளாஸ்மா, ரூபெல்லா (உடம்பில் தடிப்போடு வரும் ஒரு வைரஸ் காய்ச்சல்), சைட்டோமெகலோ, ஹெர்பிஸ் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஐஜிஜி, ஐஜிஎம் என இரண்டு வரிகள்; கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் இரண்டு வகை எதிர்ப்புப் பொருள்கள் அவை. எங்கள் பக்கம் கரு தங்காமல் கலைந்தவர்களுக்குத்தான் இதை அதிகம் எழுதி அனுப்புகிறார்கள். பெரும்பாலான ரிப்போர்ட்டில் ரூபெல்லா ஐஜிஜிக்கு நேரே தடித்த எழுத்தில் ‘பாசிட்டிவ்’ என்று வந்து நிற்கும். ஏற்கெனவே மனம் நொந்து வந்திருக்கிற பெண்ணுக்கு அது ஒன்று போதாதா? “இதனாலதான் தங்கலையாக்கா?” என்று கேட்பார்கள். கூட வந்த மாமியார் அதற்குள் “இவ ரத்தத்துலயே கிருமி இருக்காம்” என்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருப்பார்.

விளக்கம் சொல்வது எங்கள் வேலை இல்லை. டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லத்தான் எங்களுக்கு அனுமதி. டாக்டரோ சாயங்காலம்தான் வருவார். அதுவரை அந்தப் பெண் என்ன பாடுபடுவாள் என்று யோசித்துத்தான் இதை எழுதுகிறேன்.

ரூபெல்லா ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ் என்று வந்தால் அது நல்ல செய்தி. எப்போதோ ரூபெல்லா வந்து போயிருக்கிறது, அல்லது தடுப்பூசி போட்டிருக்கிறார்கள். உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. அவ்வளவுதான். ரத்தத்தில் கிருமி இருப்பதாக அர்த்தமே இல்லை. கிருமியை எதிர்க்கிற பொருளைத்தான் நாங்கள் அளக்கிறோம். ஒரு தடவை ரூபெல்லா வந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் எதிர்ப்புச் சக்தி நிற்கும். அதனால் திரும்பத் திரும்பக் கரு கலைவதற்கு இந்த ஐஜிஜியைக் காரணம் சொல்ல முடியாது. கலைந்த பிறகு அவசரமாக டார்ச் எடுத்து என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம் என்று எனக்கே பல நாள் தோன்றும். இந்த ரத்தத்தை எடுக்க வேண்டிய நேரம் கல்யாணத்துக்கு முன்னால், இல்லையென்றால் குழந்தை வேண்டும் என்று நினைக்கிற நேரத்தில். அப்படி யாராவது தானாக வந்து கேட்டால் எனக்கு அன்றைக்கு ஆச்சரியம்தான்.

எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் தனி. ஐஜிஜியை மில்லிக்கு இத்தனை சர்வதேச யூனிட் என்று கொடுப்போம். பொதுவாக 10க்கு மேல் இருந்தால் எதிர்ப்புச் சக்தி உண்டு என்று எடுத்துக்கொள்வார்கள். கிட்டுக்குக் கிட்டு எல்லைக்கோடு கொஞ்சம் மாறும். ரிப்போர்ட்டின் ஓரத்தில் போட்டிருப்பதைத்தான் பார்க்க வேண்டும். 30 வந்தவரைவிட 200 வந்தவருக்கு ஆபத்து அதிகம் என்பதெல்லாம் கிடையாது. அந்த எண்ணை மட்டும் வைத்து நோய் சமீபத்தில் வந்ததா, பள்ளிக்கூட வயதில் வந்ததா என்றும் சொல்ல முடியாது.

ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால் கொஞ்சம் கவனம் தேவை. புதிதாகத் தொற்று வந்தால் அது உயரும், சில வாரங்களில் இறங்கும். ஆனால் பொய்யாகவும் வரும். முடக்குவாதம் இருப்பவர்களுக்கு, வேறு சில வைரஸ் காய்ச்சல் வந்தவர்களுக்கு எல்லாம் இது பாசிட்டிவ் காட்டியிருக்கிறது. அந்த ஒரு தாளை நம்பிக் கருவைக் கலைக்கும் பேச்சை எடுக்கவே கூடாது. ஐஜிஜி அவிடிட்டி என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது. எதிர்ப்புப் பொருள் கிருமியை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று அது பார்க்கும். பிடி இறுகியிருந்தால் பழைய தொற்று, தளர்வாக இருந்தால் சமீபத்தியது. எங்கள் லேபில் அது கிடையாது, சென்னைக்கு அனுப்புவோம்.

சரி, ரூபெல்லாவுக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம்? குழந்தைகளுக்கு வந்தால் அது ஒன்றுமே இல்லாத மாதிரிதான். லேசான காய்ச்சல், முகத்தில் தொடங்கி உடம்புக்கு இறங்கும் சிவப்புத் தடிப்பு, காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் நெறி கட்டும். மூன்று நாளில் போய்விடும். பலருக்குத் தடிப்புகூட வராது. தடிப்பு வருவதற்கு ஒரு வாரம் முன்பே பரவவும் தொடங்கிவிடும். பெரிய பெண்களுக்கு வந்தால் கை மூட்டு, விரல் மூட்டு எல்லாம் வலிக்கும்.

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் எதிர்ப்புச் சக்தி இல்லாத தாய்க்கு வந்தால்தான் கதையே வேறு. சிசுவைத் தொடும் வாய்ப்பு 90 சதவீதம் வரை போகும். கரு கலையலாம், பிறந்தால் கண்ணில் புரை, இதயத்தில் கோளாறு, காது கேளாமை. 20 வாரம் தாண்டிவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். இதை முதலில் கண்டுபிடித்தவர் சிட்னியில் இருந்த கண் டாக்டர் நார்மன் கிரெக். பிறந்த குழந்தைகள் கண்ணில் புரையோடு வரிசையாக வருகிறார்களே என்று யோசித்து, தாய்மார்களுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா வந்திருந்ததை 1941இல் எழுதினார். 78 குழந்தைகள். அப்போது பலர் நம்பவில்லை. அமெரிக்காவில் 1964, 65இல் கொள்ளைநோயாக வந்து ஏறத்தாழ 20,000 குழந்தைகள் குறைபாட்டோடு பிறந்த பிறகு தடுப்பூசி வேலை வேகம் பிடித்தது. 1969இல் அங்கே ஊசி வந்தது. நம் பக்கத்திலும் கண் டாக்டர்கள்தான் இதை அதிகம் பேசினார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் ரூபெல்லாவால் புரையோடு பிறந்த குழந்தைகளைப் பற்றி வருடக்கணக்காக ஆய்வு செய்திருக்கிறார்கள்.

நம் அரசுத் தடுப்பூசியில் ரூபெல்லா சேர்ந்தது 2017 பிப்ரவரியில். தமிழ்நாடு, கர்நாடகா, கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு என்று முதல் கட்டத்தில் 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் வரை தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டார்கள். வாட்ஸ்அப் வதந்தி ஆடிய ஆட்டம் நினைவிருக்கும். எங்கள் தெருவிலேயே பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கு லீவு சொன்னவர்கள் இருந்தார்கள். அப்போது 15 வயதைத் தாண்டியிருந்த பெண்கள் இந்தக் கணக்கில் வரவே இல்லை. தனியாரில் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி) போட்டிருந்தால் உண்டு, இல்லையென்றால் சின்ன வயதில் தானாக வந்து போயிருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு அப்படி வந்து போயிருக்கும்தான். வராமல் தப்பியவர்கள்தான் இன்றைக்குக் கல்யாண வயதிலும் கர்ப்பத்திலும் இருக்கிறார்கள். இலங்கையில் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு 1996இலேயே இந்த ஊசியைத் தொடங்கிவிட்டார்கள். 2020இல் அங்கே ரூபெல்லா ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நமக்கும் அந்த யோசனை வந்திருக்கலாம்.

என் சித்தப்பா மகள் 2017இல் பிளஸ் டூ. தை மாதம் கல்யாணம் என்று நிச்சயமானதும் நான்தான் வற்புறுத்தி ரத்தம் எடுத்தேன். டார்ச் எல்லாம் வேண்டாம், ரூபெல்லா ஐஜிஜி மட்டும் போதும். 4 வந்தது. நெகட்டிவ். சித்தி ஒத்துக்கொள்ளவே இல்லை. “இவளுக்கு மூணாப்பு படிக்கைல அம்மை போட்டுச்சு, வேப்பிலை கட்டி, தண்ணி ஊத்தி, எல்லாம் செஞ்சோமே!” உடம்பெல்லாம் நீர்க்கொப்புளமாக இருந்ததாம். அது சின்னம்மை, ரூபெல்லாவுக்குக் கொப்புளம் வராது. உடம்பில் தடிப்பு வருகிற காய்ச்சல் ஏகப்பட்டது இருக்கிறது, டாக்டர்களாலேயே கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாது. அதனால் வீட்டுப் பெரியவர்களின் ஞாபகத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

டாக்டர் எம்எம்ஆர் எழுதினார். அதற்கும் சித்தி, “கல்யாணப் பொண்ணுக்கு எதுக்குடி ஊசி? மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?” இது உயிருள்ள, வீரியம் குறைத்த வைரஸ் ஊசி. கர்ப்பமாக இருக்கும்போது போடக் கூடாது; போட்டபின் ஒரு மாதம் கர்ப்பம் தரிக்காமல் இருக்க வேண்டும். கார்த்திகையிலேயே போட்டுவிட்டால் தைக்குள் அந்தக் கணக்கு முடிந்துவிடும் என்று சொன்ன பிறகுதான் இறங்கி வந்தார். (கர்ப்பம் என்று தெரியாமல் போட்டுக்கொண்டவர்கள் பதற வேண்டாம். அதற்காகக் கலைக்கச் சொல்வதில்லை. டாக்டரிடம் மட்டும் சொல்லிவிட வேண்டும்.) கர்ப்பத்தில்தான் நெகட்டிவ் என்று தெரிகிறது என்றால் பிரசவம் ஆனதும் போடுவார்கள்; தாய்ப்பாலுக்குத் தடை இல்லை.

இன்னொன்று, டீச்சர் வேலையில் இருக்கிறவர்களுக்கு. நீங்கள் கர்ப்பமாக இருந்து, வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலும் தடிப்பும் என்றால், காத்திருக்காமல் அந்த ஓரிரு நாளிலேயே டாக்டரைப் பார்த்து ரத்தம் கொடுங்கள். அப்போதே ஐஜிஜி இருந்தால் அது பழையது, நிம்மதியாக இருக்கலாம். இல்லையென்றால் இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்ப எடுப்பார்கள். முதல் சீரத்தைத் தூக்கிப் போடாமல் உறைய வைக்கச் சொல்லி லேபில் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நாளில் ஓட்டினால்தான் ஏறியதா இல்லையா என்று நியாயமாகச் சொல்ல முடியும். ஒரு ரிப்போர்ட் இந்த லேபில், இன்னொன்று வேறு லேபில் என்று வாங்கி எண்ணை ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

சித்தப்பா மகளுக்கு ஊசி போட்டு இரண்டு வாரம் இருக்கும். துணி பிழியும்போது விரல் மூட்டெல்லாம் வலிக்கிறது என்று போன் செய்தாள். வயது வந்த பெண்களில் சிலருக்கு இந்த ஊசிக்குப் பிறகு அப்படி வரும், டாக்டரும் அதையே சொன்னார்; சில நாளில் சரியாகிவிட்டது. திரும்ப ஐஜிஜி பார்க்கலாமா என்று கேட்டாள். தேவையில்லை, ஊசி போட்ட தேதியும் மருந்தின் பெயரும் எழுதிய சீட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள், பிரசவம் பார்க்கிற டாக்டர் கேட்டால் காட்டு என்றேன்.