கீழக்கரை மாடியில் கப்பல் தகவல் ரிசீவர் வைத்த அனுபவம்

கடலில் போகும் பெரிய கப்பல்கள் தங்கள் பெயர், இடம், வேகம், திசை எல்லாவற்றையும் விஎச்எஃப் என்ற ரேடியோ அலையில் ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். இந்தத் தானியங்கி அடையாள முறையை ஏஐஎஸ் என்பார்கள். 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸில் வரும். அதை வீட்டில் பிடிக்க ஒரு யுஎஸ்பி டாங்கிள் (லேப்டாப்பில் செருகும் சின்ன ரேடியோ ரிசீவர்), பழைய லேப்டாப், ஆன்டெனா, இலவச மென்பொருள் போதும். கருவி பற்றிய குறிப்புகள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் நம் உப்புக்காற்றையும் ஐப்பசி இடியையும் அவற்றில் காணோம். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அனுமதி. கம்பியில்லாக் கருவி வைத்திருப்பதற்கே உரிமம் கேட்கும் சட்டம் 1933 முதல் இங்கே உண்டு. 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் அதைப் பேசுகிறது. நம்முடையது எல்லைக் கடற்கரை. தொலைத்தொடர்புத் துறையில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிய பிறகே டாங்கிள் வாங்கினேன். கடலோரக் காவல் நிலையத்திலும் சொல்லிவைத்தேன்.

ஆன்டெனா சுலபம். தலா 44 சென்டிமீட்டரில் இரண்டு பித்தளைக் கம்பிகள், ஒன்று மேலே ஒன்று கீழே, செங்குத்தாக. கம்பம் நடும் இடம்தான் முக்கியம். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தெரு மின்கம்பியைத் தொடாத தூரத்தில் நட வேண்டும். கச்சான் காற்று வீசும் நாளில் அந்த வேலைக்கு மாடி ஏறாதீர்கள்.

அடுத்தது உப்பு. பக்கத்து வீட்டில் கழற்றிப் போட்ட டிஷ் வயரின் முனையை வெட்டிப் பார்த்தேன். அலுமினியப் பின்னல் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. நடுக்கம்பி பச்சை பூத்திருந்தது. நீர் இறங்கிய வழி அந்த இணைப்புதான். ஆகவே ஒவ்வொரு இணைப்புக்கும் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றினேன், கீற்று வேய்வது போலக் கீழிருந்து மேலாக. வயர் வீட்டுக்குள் நுழையுமுன் ஒரு வளைவு தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

இடி விஷயத்தில் சமரசமே கூடாது. கம்பத்தைத் தடித்த செம்புக் கம்பியால் மண்ணில் இறக்கிய எர்த் ராடில் இணைத்து, அதை வீட்டு எர்த்தோடும் சேர்க்க வேண்டும். இதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். வயர் நுழையுமிடத்தில், திடீர் மின்பாய்ச்சலை எர்த்துக்குத் திருப்பும் சர்ஜ் அரெஸ்டர் போட்டிருக்கிறேன். ஆனாலும் நேரடி இடியை எதுவும் தாங்காது. வானம் கறுக்கும்போதே வயரைக் கழற்றி முனையை வீட்டுக்கு வெளியே விட்டுவிடுவேன். இடிச் சத்தம் கேட்ட பிறகு வயர்மேல் கை வைப்பதில்லை.

ஆன்டெனா 9 மீட்டர் உயரம், கப்பலுடையது 25 மீட்டர் என்றால் சுமார் 33 கிலோமீட்டர் எட்டும். கோடையில் சில இரவுகளில் காற்றடுக்கு அலையை வளைத்துவிடும். எங்கோ தொலைவில் நிற்கும் கப்பல்களெல்லாம் திரைக்கு வந்துவிடும். பார்க்க அத்தனை ஆசையாக இருக்கும்!

"தம்பி, பாதையில கப்பல் கெடக்கா?" என்று கடலுக்குப் போகுமுன் பெரியப்பா கேட்பார். சர்வதேசப் பயணத்தில் 300 மொத்த டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல், பயணிகள் கப்பல் போன்றவற்றுக்குத்தான் ஏஐஎஸ் கருவி கட்டாயம். வள்ளமும் ஃபைபர் படகும் பெரும்பாலும் திரையில் வராது, போர்க்கப்பலும் அணைத்து வைத்திருக்கலாம். "இந்த ரெண்டு கப்பல் தெரியுது பெரியப்பா, மத்ததுக்கு நீங்கதான் கண்ணு வைக்கணும்" என்பேன். கடல் காலியாக இருக்கிறது என்று திரையைப் பார்த்து அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.