தத்னாய் கேட்ட கேள்வி

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

சபையின் நிர்வாகக் குழுவிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. கீழ்த்தள அறையில் மாலை வகுப்பு நடத்த யார் அனுமதி கொடுத்தது, யார் யார் பொறுப்பு என்று பெயர்களோடு எழுதித் தரவேண்டுமாம். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஷிப்டு முடிந்து பெற்றோர் வீடு திரும்பும்வரை பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யவும் ஒரு வாய் சாப்பிடவும் ஓர் இடம். நாங்கள் நடத்துவது அவ்வளவுதான். பிள்ளைகளில் பலர் நம் சபையைச் சேராதவர்கள் என்பதுதான் உண்மையான குறை. கடிதத்தில் அது இல்லை. ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது காதில் விழுகிறது.

ஆகஸ்ட் 6, புதன்

வேதாகமத்தில் எஸ்றாவின் புத்தகத்தை எடுத்தேன். ஐந்தாம் அதிகாரத்தில் அதே கேள்வி! எருசலேம் ஆலயத்தைக் கட்டுகிறவர்களிடம் தத்னாய் என்ற பாரசீக மாகாண அதிபதி வந்து, இதைக் கட்ட உங்களுக்குக் கட்டளையிட்டது யார், உங்கள் பெயர்கள் என்ன என்று கேட்கிறான். மூப்பர்கள் சீறவில்லை, மழுப்பவும் இல்லை. தங்கள் முன்னோர் தேவனுக்குக் கோபமூட்டியதால்தான் பழைய ஆலயம் இடிந்தது என்பதைக்கூட மறைக்காமல் சொல்கிறார்கள். தத்னாயின் விசாரணைக் கடிதம் பாரசீக ராஜா தரியுவிடம் போய்த் திரும்பும்வரை வேலையை மட்டும் நிறுத்தவில்லை. அவர்கள்மேல் தேவனுடைய கண் இருந்தது என்கிறது வசனம். வெகுநேரம் அந்த வரியிலேயே இருந்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் மூப்பர் ஐயா ஒருவர் நிறுத்தி, பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேசிவிட்டுக் கேட்டார்: "தேவ சித்தமாக இருந்தால் இத்தனை தடை வருமா, அம்மா?"

அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் இந்தக் கேள்வியை ஏற்க முடியவில்லை. கி.மு. 538இல், தரியுவுக்கு முன் ஆண்ட பாரசீக ராஜா கோரேசே ஆலயத்தைக் கட்டச் சொல்லி ஆணையிட்டான். அதற்குப் பிறகும் எதிர்ப்பால் வேலை நின்று, கி.மு. 520 வரை அஸ்திபாரத்துக்குமேல் எழும்பவில்லை. தடை வந்ததால் தேவனுடைய திட்டம் பொய்யாகிவிட்டதா?

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. வேலை மறுபடி தொடங்குமுன் ஆகாய் தீர்க்கதரிசி கண்டித்தது எதிரிகளை அல்ல; ஆலயம் பாழாய்க் கிடக்கத் தங்கள் வீடுகளை மட்டும் அழகாக்கிக்கொண்ட சொந்த ஜனங்களைத்தான். எதிர்ப்பு வருவதாலேயே நான் செய்வது சரி என்றும் ஆகிவிடாது. ஐயா சொன்னதில் பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிய பகுதி நியாயமானது. இரவில் அவர்களை யார் கொண்டுபோய் விடுவது என்பதை எழுத்தில் வைத்தாக வேண்டும்.

ஆகஸ்ட் 13, புதன்

பதில் கொடுத்தாயிற்று. முதலில் என் பெயர். சமையலுக்கு உதவும் அக்காமார் தங்கள் பெயரையும் சேர்க்கச் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கூட்டத்தில் முடிவு இல்லை. அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். அதுவரை அறைச் சாவியைத் திருப்பித் தரச் சொன்னார்கள். கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

தத்னாயின் கடிதத்தால்தான் அக்மேதா நகர அரண்மனையில் கோரேசின் அந்த ஆணை எழுதிய பழைய சுருள் கிடைத்தது. கட்டடச் செலவைத் தத்னாயின் மாகாண வரிப்பணத்திலிருந்தே கொடுக்கும்படி தரியு உத்தரவிட்டான். தடுக்க வந்த விசாரணையே வழியைத் திறந்தது. எங்களுக்கும் அப்படியே நடக்கும் என்று தேவன் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அறை திரும்பக் கிடைக்காமலே போகலாம். அப்போதும் இந்தப் பிள்ளைகளை அவர் மறக்கமாட்டார் என்று முழு மனதோடு நம்புகிறேன். அந்த நம்பிக்கையில்தான் இன்று மாலை ஜெலுத்தோங்கில் ஓர் அக்கா வீட்டுத் தாழ்வாரத்தில் பாய் விரித்தோம். எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள்.

ஆயர் ஈத்தாம் பக்கம் போகும் பிள்ளைகளுக்கு இரவு எட்டு மணிக்கு வேன் வேண்டும். பெட்ரோல் செலவை நாங்கள் தருகிறோம். முடிந்தவர்கள் சொல்லுங்கள்.